உப்பளத்தில் ஒரு ஒத்தை டிக்!

உப்பளத்துக்கு வந்தா உப்பு கிடைக்காது பாஸ்... இதை முதல்லயே சொல்லிடறேன்!

பாண்டிச்சேரிக்கு டூர் வர்ற காலேஜ் கும்பலுக்குன்னு ஒரு ரூட் இருக்கு. பீச் ரோடு, காந்தி சிலை, மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு பத்து போட்டோ, மறுநாள் ஆரோவில். டூர் ஓவர்! ரயில்ல வந்து இறங்கறவங்களும் ஸ்டேஷன் வாசல்ல வடக்கே திரும்பி, சுப்பையா சாலையைத் தாண்டி பிரெஞ்சுத் தெருக்களைத் தேடிப் போய்டுவாங்க. அதே ஸ்டேஷனுக்குத் தெற்கேயும் ஒரு ஊர் இருக்கிறது யார் கண்ணுக்கும் படாது. அதுதான் உப்பளம்.

அம்பேத்கர் சாலை, இந்திரா காந்தி விளையாட்டரங்கம், நேதாஜி நகர், கிழக்கே நடந்தா வம்பாகீரப்பாளையம் மீனவர் பகுதி, துறைமுகக் கிடங்குகள், லைட்ஹவுஸ், அப்புறம் கடல். இதுதான் ஏரியா. போஸ்ட் கார்டுல வராத பாண்டி. காலையில ஆறு மணிக்கு வந்தா கிரவுண்டுல ஓடுற பசங்க, ஏழு மணிக்கு மீன் கூடை, எட்டரைக்கு யூனிஃபார்ம் சைக்கிள்கள். எங்க ஊர் கடிகாரம் இப்படித்தான் ஓடும்.

சரி, உப்பு எங்கே? அதுக்கு ஒரு குட்டி ஹிஸ்டரி கிளாஸ். (தூங்கிடாதீங்க, ரெண்டே வரிதான்!) 1815-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. பிரெஞ்சு ஊர்கள்ல விளையற உப்பு வியாபாரம் ஆங்கிலேயர் கைக்கு. பதிலுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் போட்ட அடுத்த ஒப்பந்தத்தில் உப்பு எடுக்கறதையே நிறுத்திக்கிறோம்னு ஒத்துக்கிட்டாங்க. இருநூறு வருஷம் தாண்டிடுச்சு. உப்பு போயே போச்சு. பேர் மட்டும் பஸ் போர்டுலயும் ஓட்டர் லிஸ்ட்லயும் உட்கார்ந்திருக்கு.

பேர் இருக்கும், ஆள் இருக்காது. இதே கதை 2021 செப்டம்பர்ல எங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்லயும் நடந்தது. அதைச் சொல்லத்தான் உங்களை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்தேன்.

பூட்டின கேட்

நாங்க 'ஆல் பாஸ்' பேட்ச். பத்தாவது பப்ளிக் எழுதாமலேயே பத்தாவது பாஸ் பண்ண மகான்கள்! காலேஜ்ல இன்னிக்கும் எவனாவது "நீங்கள்லாம் கொரோனா பாஸ்தானே?"ன்னு கலாய்ப்பான். சிரிச்சுட்டுப் போய்டுவோம். ஆனா உள்ளே என்ன நடந்ததுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

2020 மார்ச்சில் நான் ஒன்பதாவது. முழுப் பரீட்சைக்கு டைம் டேபிள் எழுதிப் போட்ட போர்டை அழிக்கக்கூட இல்லை, ஸ்கூல் மூடிட்டாங்க. மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. பாண்டியில அக்டோபர் 8-ல் பத்தாவது, பன்னிரண்டாவது பசங்களை மட்டும் சந்தேகம் கேட்க வரச் சொன்னாங்க. வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரணும், கட்டாயம் கிடையாது. வந்தவங்க பாதி பேர்கூட இல்லை. நவம்பர் கடைசியில் நிவர் புயல் வேற. 2021 ஜனவரி 4-ல் எல்லா வகுப்புக்கும் அரை நாள், 18-லிருந்து முழு நாள். அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள, பிப்ரவரி 25-ல் தமிழ்நாட்டில் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ்னு அறிவிப்பு. பாண்டி பசங்க எழுதறதும் அப்போ அதே போர்டு பரீட்சைதான். எங்களுக்கும் அதேதான்.

அன்னிக்கு இந்திரா காந்தி ஸ்டேடியம் பக்கத்துல நாங்க போட்ட ஆட்டம் இருக்கே... எங்க கோல்கீப்பர் ஸ்கூல் பேக்கைத் தூக்கி மேலே வீசினான். கீழே விழுந்து டிபன் பாக்ஸ் நசுங்கிப் போச்சு. அவனை இனிமே கீப்பர்னே எழுதறேன். வம்பாகீரப்பாளையம் பையன். மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம், என் பக்கத்து சீட்.

அந்த நசுங்கின டிபன் பாக்ஸோட அவன் போனதுதான் எனக்குக் கடைசி ஞாபகம். அடுத்த ரெண்டு மாசத்துல ரெண்டாவது அலை வந்தது. மறுபடியும் கேட்டுக்குப் பூட்டு.

ஆன்லைன் கிளாஸ் எப்படி நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாததா? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதுல தங்கச்சிக்குப் பாதி. சிக்னலுக்காக மொட்டை மாடி. கேமராவை ஆஃப் பண்ணிட்டு, "பிரசென்ட் சார்" சொல்லிட்டுத் தூங்கின காலம். எங்க வீட்டுல போனாவது இருந்தது. 'அசர்' அமைப்பு 2021-ல் நாட்டோட கிராமப்புறங்கள்ல எடுத்த கணக்கு ஒண்ணு: வீட்டுல ஸ்மார்ட்போன் இருக்கிற மாணவர்கள் 67.6 சதவிகிதம். 2018-ல் அது 36.5தான். சபாஷ்னு தோணும். ஆனா போன் இருக்கிற வீட்டுலயே கால்வாசிப் பசங்களுக்கு அது கைக்கே கிடைக்கலை. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்டும் இல்லையா?

கீப்பர் வீட்டுலயும் ஒரே போன். ஜூன் மாசம் அவனுக்கு "இன்னாடா மச்சான், பதினொண்ணு அதே ஸ்கூல்தானே?"ன்னு வாட்ஸ்அப்ல போட்டேன். ஒத்தை டிக். மறுநாளும் ஒத்தை டிக். ஒரு வாரம் கழிச்சு ஒரு ஜோக் ஃபார்வர்ட் பண்ணேன். அதுக்கும் ஒத்தை டிக். 'ரீசார்ஜ் பண்ணலை போல'ன்னு நினைச்சுட்டு விட்டுட்டேன்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூணு மாசம் விட்டுட்டேன்.

நெத்தியில துப்பாக்கி!

2021 செப்டம்பர் 1. பாண்டியிலயும் தமிழ்நாட்டிலயும் 9 முதல் 12 வரைக்கும் ஸ்கூல் திறந்த நாள். எங்களுக்கு மாறி மாறி, பாதி நாள் வகுப்பு. என் வீடு அரியாங்குப்பம். வழக்கமா மாணவர் சிறப்பு பஸ்ல, ஒரு ரூபாய் டிக்கெட்ல வர்றவன். கொரோனாவோட நின்ன அந்த பஸ் இன்னும் திரும்பலை. அதனால சைக்கிள். ஆத்துப் பாலம் ஏறி, முருங்கப்பாக்கம் தாண்டி, முதலியார்பேட்டை வழியா உப்பளம். ஒன்றரை வருஷம் மூலையில கிடந்த சைக்கிள், கிரீச் கிரீச்னு அழுதுகிட்டே வந்தது. பேன்ட் வேற கணுக்காலுக்கு மேல ஏறி நின்னுச்சு.

கேட்ல வரவேற்பு தடபுடல். வாழைமரம்தான் கட்டலை. ஒரு மிஸ் கையில சானிடைசர் ஊத்தினாங்க. பி.டி. சார் நெத்தியில தெர்மாமீட்டர் துப்பாக்கியை வெச்சார். இன்னொருத்தர் சாக்லெட் குடுத்தார். மாஸ்க்கைக் கழட்டாம எப்படி சார் சாப்பிடறதுன்னு யாரோ கேட்டதுக்கு, "பாக்கெட்ல வெச்சு வீட்டுக்குப் போய் சாப்பிடு"ன்னு பதில்.

உள்ளே போனா யாரையும் அடையாளம் தெரியலை. பாதி முகத்துக்கு மாஸ்க். பாதிப் பேருக்குக் குரல் உடைஞ்சிருக்கு. பெஞ்சுக்கு ரெண்டு பேர்னு தள்ளித் தள்ளி உட்கார வெச்சாங்க. முதல் பீரியட்ல ஒரு பக்கம் எழுதினதும் விரல் வலிச்சது. நாற்பது நிமிஷம் ஒரே இடத்துல உட்காரவே முடியலை. மைக்கை அன்மியூட் பண்ற பழக்கத்துல, கேள்வி கேட்டா பதில் சொல்ல ஒரு செகண்ட் லேட். ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கிளாஸ் ரூம் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமா இருந்தது.

ரெண்டாவது பீரியட் கணக்கு சார். உள்ளே வந்தவர் ஸ்பீச் எதுவும் குடுக்கலை. 'அன்பு மாணவர்களே, பெருந்தொற்றை வென்று'ன்னு ஆரம்பிப்பார்னு எதிர்பார்த்தோம். ம்ஹூம். ரெஜிஸ்டரைப் பிரிச்சார். ஒவ்வொரு பேராப் படிச்சார். படிச்சுட்டுத் தலையைத் தூக்கி, அந்த ஆளோட கண்ணைப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேருக்குப் போனார்.

கீப்பர் பேர் வந்தது. சத்தம் இல்லை.

"எங்கடா அவன்?"

யாரும் பேசலை. என்னைப் பார்த்தார். "நீதானே பக்கத்துல உட்காருவே?"

"தெரியலை சார். மெசேஜ் போட்டேன், ஒத்தை டிக்தான் வருது."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் சார்."

சார் கோபப்படலை. அதுதான் கஷ்டமா இருந்தது. "ஒத்தை டிக் வந்தா வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்பா. வீடு எங்கே, அமெரிக்காவுலயா?"

ஸ்கூல்ல இருந்து அவன் வீடு, நடந்தா பத்து நிமிஷம்.

இன்னொரு பேருக்கும் சத்தம் இல்லை. கடைசி பெஞ்சு ஓவியன். ரெக்கார்டு நோட்டுல எல்லாருக்கும் படம் வரைஞ்சு குடுக்கிற புண்ணியவான். அவனைப் பத்தியும் யாருக்கும் தெரியலை. சார் ரெண்டு பேருக்கு நேராவும் பென்சிலால ஒரு புள்ளி வெச்சார். ஆப்சென்ட் போடலை.

"நாறும் சார்!"

அன்னிக்கு சாயங்காலம் சார் ஸ்கூட்டர்ல, நானும் இன்னொருத்தனும் சைக்கிள்ல. வம்பாகீரப்பாளையம். கீப்பரோட அம்மா வாசல்ல இருந்தாங்க. சாரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிட்டு எழுந்தாங்க.

"வாங்க சார். படிக்க வேணாம்னு நான் சொல்லலை சார்..." கேட்கறதுக்கு முன்னாடியே அவங்க சொன்னது இதுதான்.

மே மாசம் அவன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சுத் திணறல் ஆகியிருக்கு. பிழைச்சுட்டார். ஆனா வலை இழுக்கிற உடம்பா அது இனி இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதல்ல போனது அம்மா காதுத் தோடு, ரெண்டாவது அந்த ஒரே போன். ஒத்தை டிக்குக்கு அர்த்தம் எனக்கு அப்போதான் புரிஞ்சது. நான் ஜோக் ஃபார்வர்ட் பண்ணிட்டிருந்த வாரத்துல, அவன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கான்.

அங்கேயே போனோம். சைக்கிள்ல கால் மணி நேரம். வலை குவியல், டீசல் வாசனை, ஐஸ் பெட்டி. லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு ஒரு ஆள் வந்தான். நான் தயங்கி நின்னேன். என்னைப் பார்த்ததும் அவன்தான் முதல்ல பேசினான்.

"இன்னாடா, மீசை வெச்சிருக்கே!"

அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. மன்னிப்புக் கேட்கலாம்னு வழி நெடுக ஒத்திகை பார்த்துட்டு வந்தது எதுவும் வாய்க்கு வரலை.

சார் அங்கேயும் அட்வைஸ் பண்ணலை. 'படிப்புதான் முக்கியம்'னு ஆரம்பிச்சிருந்தா அவன் ஓடியிருப்பான். அவர் கேட்டது வேற.

"போட்டு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?"

"விடியக்காலை நாலு, அஞ்சு ஆகும் சார்."

"வேலை எப்போ முடியும்?"

"எட்டு, எட்டரை."

"ஸ்கூல் ஒன்பதுக்கு. பாதி நாள்தான். முடிச்சுட்டு நேரா வந்துடு."

"குளிச்சுட்டு வர டைம் இருக்காது. நாறும் சார்..."

"அதுக்குத்தானே எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கோம்!"

ஐஸ் பெட்டி மேல உட்கார்ந்து சிரிச்சான் பாருங்க... பெனால்டியைத் தடுத்துட்டு சிரிக்கிற அதே சிரிப்பு.

யாரும் கேட்காத வயசு

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறைக்குது. கீப்பருக்கு அப்போ பதினாறு வயசு. கட்டாய, இலவசக் கல்வி உரிமைச் சட்டம் காப்பாத்தறது 6 முதல் 14 வயசு வரைக்கும்தான். எட்டாவது பையன் வரலைன்னா கேட்க சட்டம் இருக்கு. பதினொண்ணாவது பையன் வரலைன்னா, 'வேலைக்குப் போயிட்டான்'னு ஊரே சாதாரணமா எடுத்துக்கும். சில வீடுகள்ல பாராட்டக்கூடச் செய்வாங்க.

அதே வருஷம் அக்டோபர் 27-ல் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கினது நம்ம பாண்டிக்குப் பக்கத்துல, கிழக்குக் கடற்கரைச் சாலையில மரக்காணத்தை ஒட்டின முதலியார்குப்பத்துல. தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து சாயங்காலம் பாடம் சொல்லித் தர்ற நல்ல திட்டம். ஆனா அதுவும் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும்தான். பெரிய பசங்க இந்த வலைக்கும் வெளியே.

உலகம் முழுக்க இதே கதைதான். 2020 ஏப்ரல்ல கிட்டத்தட்ட 150 கோடி மாணவர்களுக்கு மேல வீட்டுல இருந்தாங்கன்னு யுனெஸ்கோ கணக்கு. உலகத்துலயே அதிக காலம் பள்ளிகளை மூடி வெச்ச நாடு உகாண்டா. 2022 ஜனவரி 10-ல் முழுசாத் திறந்தப்போ, வேலைக்குப் போன பையன்களும் தாயான பொண்ணுகளும் நிறைய பேர் திரும்பலை. இதுக்கு முன்னாடி சியரா லியோன்ல எபோலா வந்தப்போ ரேடியோவுல பாடம் நடத்தினாங்க. 2015 ஏப்ரல் 14-ல் ஸ்கூல் திறந்தாங்க. அங்கேயும் கர்ப்பமா இருந்த மாணவிகளை வகுப்புக்கு வரக்கூடாதுன்னே சொல்லிட்டாங்க. அந்தத் தடையை விலக்கினது 2020-ல்தான். கேட்டைத் திறந்துட்டா எல்லாரும் வந்துடுவாங்கங்கறது எங்கேயும் நடக்கலை.

நான் இப்போ படிக்கிறது இன்ஜினீயரிங். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ரெண்டு முறை சொல்லித் தருவாங்க. யு.டி.பி.ன்னு ஒண்ணு. டேட்டாவை அனுப்பிட்டு அது பாட்டுக்குப் போய்டும், போய்ச் சேர்ந்துதான்னு பார்க்காது. டி.சி.பி.ன்னு இன்னொண்ணு. 'வந்து சேர்ந்தது'ன்னு பதில் வரலைன்னா திரும்ப அனுப்பும், மறுபடியும் அனுப்பும். லைவ் வீடியோவுக்கு முதலாவது ஓகே. ஒரு ஃப்ரேம் தொலைஞ்சா யாருக்கும் தெரியாது. ஆனா தொலையக் கூடாத விஷயத்துக்கு ரெண்டாவதுதான் வேணும். கிளாஸ்ல இதைக் கேட்டப்போ எனக்குச் சட்டுனு எங்க கணக்கு சார் ஞாபகம் வந்துட்டார். நாங்கள்லாம் ஜூன்ல இருந்து யு.டி.பி.யா இருந்திருக்கோம்!

திரும்ப ஒன்பதாங்கிளாஸ்

கீப்பர் அடுத்த வாரமே வந்தான். கைதட்டல் கிடையாது. வரவேற்பு சாக்லெட்கூட தீர்ந்து போயிருந்தது. நான் ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்தான். கொஞ்சம் நாறத்தான் செஞ்சது. யாரும் எதுவும் சொல்லலை.

ஆனா சார் போர்டுல எழுதினது அவனுக்குப் புரியலை. அரை மணி நேரம் கழிச்சு எழுந்து நின்னான். "சார், எனக்கு மைனஸ் இன்டு மைனஸே மறந்து போச்சு. நான் வர்றது வேஸ்ட் சார்."

சார் கிளாஸைப் பார்த்தார். "இவன் தைரியமா சொல்லிட்டான். வேற யாருக்கெல்லாம் மறந்துடுச்சு? பொய் சொல்லாம கை தூக்குங்க."

ஒரு கை. ரெண்டு கை. அப்புறம் பார்த்தா முக்கால் கிளாஸ்! ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கறவன் கையும் பாதி உயரத்துல இருந்தது. மார்க் ஷீட்ல பத்தாவது பாஸ். உள்ளுக்குள்ள எல்லாரும் ஒன்பதாங்கிளாஸ் மார்ச் மாசத்துலயே நின்னுட்டிருக்கோம். அது அதுவரைக்கும் அவனவன் தனி ரகசியமா இருந்தது.

அன்னிக்கு பதினொண்ணாவது புத்தகத்தை மூடினவர், மூணு வாரம் திறக்கலை. காரணிப்படுத்தல், பின்னம், கோணம்னு பழசையே போட்டார். சிலபஸ் என்ன ஆகும்னு முன் பெஞ்சு பயந்தது. அந்த வருஷம் பாடத்தைக் குறைச்சுத்தான் குடுத்திருந்தாங்க. தமிழ்நாட்டிலயும் ஸ்கூல் திறந்ததும் முதல்ல புத்தாக்கப் பயிற்சின்னு பழைய பாடங்களைத்தான் நடத்தச் சொன்னாங்க. அடித்தளம் போடாம மாடி கட்ட முடியாதுங்கறது சிவில் டிபார்ட்மென்ட் மேட்டர் மட்டும் இல்லையே!

ஓவியனுக்கு என்ன ஆச்சு? அவன் அம்மா டூரிஸ்ட்டை நம்பின ஒரு ஓட்டல் சமையலறையில வேலை பார்த்தவங்க. 2021-ல் திரும்ப எல்லாம் மூடினதும் சம்பளம் நின்னு, வாடகை குடுக்க முடியாம, விழுப்புரம் பக்கம் எங்கேயோ சொந்தக்காரங்க ஊருக்குப் போய்ட்டாங்களாம். பக்கத்து வீட்டுல அவ்வளவுதான் தெரியும். நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வந்தது. சார் அந்தப் பக்கத்து டீச்சர்கள் ரெண்டு, மூணு பேருக்கு போன் போட்டுக் கேட்டார். கிடைக்கலை. பப்ளிக் பரீட்சைக்கு நாமினல் ரோல் அனுப்பற வரைக்கும் அவன் பேரை அடிக்காம வெச்சிருந்தார். அப்புறம் அடிச்சுத்தான் ஆகணும், அடிச்சார். ரெண்டு காலி இடத்துல ஒண்ணு கடைசிவரை காலியாவே இருந்தது. நாங்க எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே, ஏப்ரல்லயோ மே மாசத்துலயோ ஒரு எட்டு போய்ப் பார்த்திருந்தா, விலாசமாவது கேட்டு வெச்சிருக்கலாம்.

ஜோடி போட்ட லிஸ்ட்

2022 ஜனவரி 3-ல் நாடு முழுக்க 15 முதல் 18 வயசுக்காரங்களுக்குத் தடுப்பூசி தொடங்கினாங்க. கையைத் தேய்ச்சுட்டே திரியறோம், மூணாவது அலை வந்துடுச்சு. மறுபடியும் மூடல். ஆனா இந்த முறை மூடறதுக்கு முன்னாடி சார் ஒரு வேலை செஞ்சார். கிளாஸை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சார். ஜோடியில ஒருத்தன் வீடு இன்னொருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கணும். நம்பர் மட்டும் போதாது. தெரு, பக்கத்துக் கடை, வீட்டுல யார் இருப்பாங்க, எல்லாம் நோட்டுல. மூணு நாள் பதில் இல்லைன்னா நேர்ல போகணும். அவ்வளவுதான் ரூல். ஒரு பைசா செலவில்லை, ஒரு ஆப்பும் தேவையில்லை.

எனக்கு ஜோடி கீப்பர். அரியாங்குப்பத்துல என் வீட்டு வாசல்ல ஒருநாள் வந்து நின்னான். "மூணு நாளா போனை எடுக்கலை. ரூல் ரூல்தானே?"ன்னான். எனக்கு ஜுரம். போன் சைலன்ட்ல இருந்தது. கையில அரை கிலோ வஞ்சிரம் வேற!

பிப்ரவரி 4-ல் திரும்ப ஸ்கூல் திறந்தாங்க. சார் ரெஜிஸ்டரைப் படிச்சார். எல்லாப் பேருக்கும் சத்தம் வந்தது.

அடுத்த மாசம், மார்ச்ல, கடல் கொந்தளிச்ச ஒருநாள் எங்க வம்பாகீரப்பாளையம் பக்கத்து பழைய துறைமுகப் பாலத்தோட ஒரு பகுதி இடிஞ்சு விழுந்தது. அறுபது வருஷமா நின்ன பாலம். ஊரே போய்ப் பார்த்தது, நாங்களும் போனோம். கீப்பர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தினமும் இது மேலதான் பார்த்துட்டிருந்தோம். தூண் அரிச்சதை எவனும் பார்க்கலை"ன்னான். அவன் பாலத்தைத்தான் சொன்னான்.

பதினொண்ணாவது பப்ளிக் 2022 மே 10-ல் தொடங்கி 31-ல் முடிஞ்சது. கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும், 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வீட்டுல வருமானம் கிடையாது, ஆனா கீப்பருக்குக் காலையில தூக்கம் இருந்தது. கடலே அவனுக்கு ஸ்டடி லீவு விட்டது! ரெண்டு பேப்பர் போச்சு. அதையும் சேர்த்து அடுத்த வருஷம் பன்னிரண்டாவதோட முடிச்சான். கணக்குல ஜஸ்ட் பாஸ். சார் அதுக்கு வாங்கித் தந்த டீயும் சமோசாவும், ஃபர்ஸ்ட் ரேங்க்குக்குக்கூட வாங்கித் தரலை.

ஒரு சண்டே வாங்க

போன மாசம் ஸ்டடி ஹாலிடேஸ்ல உப்பளம் பக்கம் போனேன். நிறைய மாறியிருக்கு. பாண்டி அரசுப் பள்ளிகள் 2023-24-லிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிடுச்சு. நாங்க படிச்ச புத்தகத்தைத் தம்பிங்களுக்குக் குடுக்க முடியாது. ஸ்டேடியம் பக்கத்துல சைக்கிளை நிறுத்திட்டு நின்ன பசங்ககிட்ட "ஆன்லைன் கிளாஸ் ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். "அப்போ நாங்க அஞ்சாவது, ஆறாவதுண்ணா. ஜாலியா இருந்துச்சு"ன்னாங்க. இருக்கட்டும்.

தேங்காய்த்திட்டு வரைக்கும் போனேன். கீப்பர் ஐ.டி.ஐ.ல டீசல் மெக்கானிக் முடிச்சுட்டு, இப்போ போட்டு இன்ஜின் ரிப்பேர் பண்றான். கையெல்லாம் கிரீஸ். என்னோட மெக்கானிக்கல் நண்பர்கள் புத்தகத்துல பார்க்கிற பம்பை, அவன் கண்ணை மூடிட்டுக் கழட்டி மாட்டறான். "இன்ஜினீயரு, அந்த ஸ்பேனரை எடு"ன்னான். எடுத்துக் குடுத்தேன், அளவு தப்பு. அடுத்த பத்து நிமிஷம் எனக்கு நடந்த மரியாதையை இங்கே எழுத முடியாது!

கிளம்பும்போது கேட்டேன். "அன்னிக்கு நாங்க வரலைன்னா என்ன பண்ணியிருப்பே?"

யோசிச்சான். "இதே இடத்துலதான் இருந்திருப்பேன். ஐஸ் உடைச்சுட்டு இருந்திருப்பேன்." அப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு, "நீ மூணு மாசம் வரலைல்ல... அப்போ கொஞ்சம் கோவம் இருந்துச்சுடா"ன்னான். நாலு வருஷம் கழிச்சு இப்போதான் சொல்றான். நானும் இப்போதான், அன்னிக்கு வழி நெடுக ஒத்திகை பார்த்த அந்த வார்த்தையைச் சொன்னேன். கிரீஸ் கையாலயே முதுகுல ஒண்ணு வெச்சான். சட்டை காலி.

பாண்டிக்கு வந்தீங்கன்னா ஒரு சண்டே காலையில ஸ்டேஷன்லயிருந்து தெற்கே திரும்புங்க. உப்பு கிடைக்காது. ஸ்டேடியத்துல ஃபுட்பால் மேட்ச் கிடைக்கும், வம்பாகீரப்பாளையத்துல கடல் காத்து கிடைக்கும். இடிஞ்சது போக மிச்சமிருக்கிற பாலத்தையும் கரையிலிருந்து பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பற ரயில்ல சும்மாதானே உட்கார்ந்திருப்பீங்க? வாட்ஸ்அப்பைத் திறந்து கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்க. ரொம்ப நாளா ஒத்தை டிக்கோட ஒரு பேர் நிக்கும். இன்னொரு மெசேஜ் போடாதீங்க. வீடு எங்கேன்னு விசாரிங்க.